ஏழாம் எண் ஜன்னல்

எட்டு வினாடிதான் மொத்தச் சமாச்சாரமும்.
மொன்தேவிதேயோ, மரோஞாஸ் திடல்,
கடைசி இருநூறு மீட்டரில்
அதெமார் தெசேராவின் சாட்டைக் கை
உயர வேண்டிய இடத்தில் உயரவில்லை.
‘நாளை தருகிறேன்’ என்று பெயர் வைத்த குதிரை
பெயரைக் காப்பாற்றி
இரண்டாவதாக வந்தது.

மூன்று வாரமாக அந்த எட்டு வினாடியை
என் ஜன்னலுக்கு எதிரே நின்று மெல்லுகிறார்கள்.
மாத்தே நிரப்பிய சுரைக்குடுக்கை கை மாறுகிறது.
ஒரே குழல், எல்லா வாயும்.
கசப்பில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை.

வாஷிங்டன் பெரேய்ரா லாரி ஓட்டுகிறவர்.
(இந்த ஊரில் அப்படியும் பெயர் வைப்பார்கள்.)
“இழுத்துப் பிடித்தான். இடது கையைப் பார்த்தாயா?
கடிவாளம் நாணேற்றின வில் மாதிரி நின்றது.
நெஞ்சைத் தொட்டுச் சொல், அது பந்தயமா?”

“முன்னங்கால் நோவு” என்கிறார் வால்தெமார்,
பல் மருத்துவரிடம் கணக்கு எழுதுகிறவர்.
“மேலே உட்கார்ந்தவனுக்குத் தெரியும், அடிக்காமல் விட்டான்.
பதினாறு வயதிலிருந்து பார்க்கிறேன் அவனை.
கை சுத்தம்.”

“சுத்தமான கைக்குப் புது வீட்டுச் சாவி எப்படி வந்தது?”
இது நீபியா, மீன் கடைக்காரி.
“மாமியார் காசு.”
“மாமியார் எந்தக் குதிரையில் கட்டினாளாம்?”
சிரிப்பில் குடுக்கை தளும்பியது.
யாரோ வெந்நீர் பட்ட காலைத் தூக்கிக்கொண்டு
சிரித்தபடியே திட்டினார்.

என்னை யாரும் கேட்பதில்லை.
கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவளுக்கு
கை மட்டும்தான் உண்டென்று நினைப்பு.
என் இடத்திலிருந்து திடல் தெரியாது.
அந்த எட்டு வினாடியைப் பார்க்காதவள்
இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான்.

ஆனால் அன்றைய சீட்டுகளை அச்சடித்தது நான்.
வாஷிங்டன், தெசேரா மீது, ஒரு வாரக் கூலி.
நீபியாவும் அவன் மீதே.
‘கை சுத்தம்’ வால்தெமார் மட்டும்
ஜெயித்த குதிரையில்.
எண்ணிக் கொடுத்தேன். நாக்கில் விரல் தொட்டு
மறுபடி எண்ணினார்.

அவருக்குப் பின்னால் சாம்பல் கோட்டு ஒருவன்,
அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்காத முகம்,
ஒரு பை நிறைய வாங்கிப்போனான். எண்ணவே இல்லை.
விசாரணைக் குழு படத்தை முன்னும் பின்னும் ஓட்டியது,
குதிரையின் மூத்திரத்தைச் சோதித்தது.
ஏழாம் ஜன்னலுக்கு வரவில்லை.
வந்திருந்தால் சொல்லியிருப்பேனா?
எனக்குச் சம்பளமும் அவர்களே தருகிறார்கள்.

இன்று, நாலாம் ஓட்டம் முடிந்து மழையும் விட்ட நேரம்,
வெந்நீர்க் குழாயின் வரிசையில்
ஒரு பிளாஸ்க்கு தனியாக நிற்பதுபோல் தெரிந்தது.
அதன் பின்னால் தெசேரா.
சவாரிக்குத் தடை; சாதாரணச் செருப்பு,
மகனுடையதோ என்னவோ, தொளதொளத்த ஸ்வெட்டர்.
நாலு முழம்கூட இல்லாத மனிதன்
அத்தனை பேரின் வாயையும் மூடிவிட்டான்.

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.
திருட்டுப் பயல் என்று காலையில்தான் சொன்ன வாஷிங்டன்
தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு,
பாவமன்னிப்புக் கூண்டில் பேசுகிற குரலில்:
“அஞ்சாவதில்… எது?”

தெசேரா மூடியைத் திருகினான்.
திருகி முடிக்கிறவரை பதில் இல்லை.
“மூணு. ஈரத் தரையில் ஓடும்.”
போய்விட்டான்.

அதற்குப் பிறகு என் ஜன்னலில்தான் வரிசை.
மூன்று, மூன்று. நீபியா இரண்டு முறை மூன்று.
வாஷிங்டன் சட்டைப்பையைக் கவிழ்த்துக்
கொட்டினார், ஒரு போல்ட்டும் விழுந்தது.
“கள்ளனுக்குத்தானே தெரியும்” என்றார்,
நான் எதுவும் கேட்காமலே.

கடைசியாக வால்தெமார்.
கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு
மெதுவாகச் சொன்னார்:
“ஆறு.”

அச்சடித்துக் கொடுத்தேன்.
மணி அடித்தது.
தகரக் கூரைக்கு அந்தப் பக்கம்
குளம்புகள் கிளம்பிவிட்டன, எனக்குக் கேட்கிறது.